பெண்கள் யாரும் வேலையில் இல்லை

கல்யாணமாகி நெருஞ்சிக்குடிக்கு வந்த மூன்றாம் நாளே வேம்பு குவாரியில் இறங்கிவிட்டாள். அரியலூரிலிருந்து செந்துறை போகும் ரோட்டில் ஆறு மைல் வந்தால், ஊருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளமும் அதன் விளிம்பில் கொட்டிவைத்த மண்மேடும்தான் தெரியும். அது எழுபத்தொன்றாம் வருஷம். புருஷன் அரியமுத்து சம்மட்டியால் கல்லை உடைப்பான். அவள் கூடையில் அள்ளிச் சும்மாட்டின் மேல் ஏற்றி, பலகைச் சரிவில் நடந்து போய் லாரியில் கொட்டுவாள்.

அங்கே ஆள் கணக்கு கிடையாது, ஜோடிக் கணக்குதான். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் வேலை செய்தாலும் நோட்டில் புருஷன் பெயர் மட்டும் இருக்கும். காண்டிராக்டர் சாமிக்கண்ணு செய்த ஏற்பாடு அது. "எவன் பேர்ல இருந்தா என்ன? சோறு ஒரே பானையிலதானே வேவுது?" என்பார். வேம்புவும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பெயரா கல் தூக்கப்போகிறது?

முதல் இரண்டு கர்ப்பமும் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. பெண் குழந்தை, குஞ்சம்மாள். பிறந்த நாற்பதாம் நாளே அதைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தாள். மற்ற பெண்களும் அப்படித்தான். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு புங்கமரம் நின்றது. அதன் கிளையில் எப்போதும் நாலைந்து தூளிகள் தொங்கும். வெடி வைக்கும் முன் விசில் ஊதுவார்கள். பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவரவர் பிள்ளையை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள்.

எண்பதாம் வருஷம் மாசி மாதம் ஒரு நாள், லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கல் போதவில்லை. மத்தியானம் வைக்க வேண்டிய வெடியை முற்பகலிலேயே வைத்துவிட்டார்கள். விசில் ஊதவில்லை. ஊதினதாகப் பிறகு மேஸ்திரி சத்தியம் பண்ணினான். நாற்பது பெண்களில் ஒருத்தி காதிலும் அது விழவில்லை. தேங்காய் அளவு கல் ஒன்று பறந்துவந்து புங்கமரத்தில் இறங்கியது. மற்றத் தூளிகள் ஆடிக்கொண்டிருந்தன. குஞ்சம்மாளுக்கு அப்போது ஒன்பது மாதம்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். சாமிக்கண்ணு அவரை மர நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். "இங்க பொம்பளைங்க யாருமே வேலைக்கு இல்லீங்களே. ஆடு மேய்க்க வந்தவ, புள்ளைய இங்க தொங்கவிட்டுட்டுப் போயிருக்கா. உள்ள வராதேன்னு எத்தன தடவ சொல்றது?"

வேம்பு அப்போது தரையில் கிடந்தாள். காதில் விழுந்தது. எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

சாமிக்கண்ணு அன்று சாயங்காலம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். பதினைந்தாம் நாள் அரியமுத்து, "போனது போச்சு புள்ள, வா," என்று அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டான். போனாள். போகாமல் என்ன செய்வது? புங்கமரத்தை அதற்குள் வெட்டியிருந்தார்கள். அடிமரம்கூட இல்லை, மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். அதைப் பார்த்த இடத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரைக்கும் அழுகைதான்.

அரியலூரில் சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத்தில் செல்லக்கண்ணு என்று ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர், "அடுத்த வாரம் அய்யம்பெருமாள் வராரு. நேர்ல சொல்லு," என்றார்.

அய்யம்பெருமாள் எதிர்க்கட்சிக்காரர். முன்பு ரயில்வேயில் குட்ஸ் குமாஸ்தாவாக இருந்து, சங்கத்துக்கு வந்து, அங்கிருந்து டெல்லி மேல்சபைக்குப் போனவர். ஓட்டுப் போட்டு அனுப்பும் தொகுதி என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. எந்த ஊரிலிருந்து எவர் தபால் எழுதினாலும் அதைக் கேள்வியாக்கிச் சபையில் போட்டுவிடுவார். ஆண்டிமடத்து முந்திரிக்கு ஏன் விலை விழுந்தது, லப்பைக்குடிக்காட்டிலிருந்து அரபு நாட்டுக்கு என்று கிளம்பிப் பம்பாயில் ஏஜென்ட்டிடம் ஏமாந்து நின்றவர்களுக்கு யார் பொறுப்பு, கிணறு வற்றிப்போன அரும்பாவூர்ப் பக்கத்து விவசாயிகள் வீட்டில் எதற்கு ஜப்தி என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். பாதிக்கு மேல் பதில் வராது. வந்த பதிலிலும் பாதி, 'பரிசீலனையில் உள்ளது' என்றிருக்கும். ஆனாலும் விடமாட்டார்.

சங்க ஆபீஸ் மாடியில் அவர் சர்க்கரை போடாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். வேம்பு சொல்லி முடிக்கும் வரை கேட்டார். பிறகு ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். எத்தனை பெண்கள்? காலையில் எத்தனை மணிக்கு இறங்குவீர்கள்? வெடி வைப்பவன் யார், விசில் யாரிடம் இருக்கும்? குடிதண்ணீர் எங்கே? ஒதுங்க எங்கே போவீர்கள்?

வேம்புவுக்குத் தாங்கவில்லை. "எம் புள்ள செத்துருச்சுன்னு சொல்லிக்கிட்டு நிக்கறேன். நீங்க தண்ணித்தொட்டி எங்க இருக்குன்னு கேக்கறீங்களேய்யா?"

செல்லக்கண்ணு அவள் தோளைத் தொட்டு அடக்கப் பார்த்தார். அய்யம்பெருமாள் நிமிர்ந்தார்.

"கோவப்படு தாயி. பதில் சொல்லிட்டுக் கோவப்படு. நான் மந்திரி இல்ல. எங்கிட்ட இருக்கறது கேள்வி ஒண்ணுதான். அதுல ஊசி நுழையற ஓட்டை இருந்தாலும் அது வழியா ஓடிப்போயிருவாங்க. சட்டத்துல குவாரியும் சுரங்கந்தான். பொம்பளைங்க வேலை செய்யற சுரங்கத்துல புள்ளைங்களுக்கு ஒரு கொட்டாயும், பாத்துக்க ஒரு ஆயாவும் வைக்கணும்னு சட்டமே இருக்கு. அது ஏன் இல்லன்னு கேக்கப்போறேன். அதுக்குத்தான் இவ்வளவும்."

வேம்பு அன்றுதான் அப்படி ஒரு சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டாள். ஒன்பது வருஷமாகத் தூளி கட்டியவர்களில் ஒருத்திக்கும் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே நினைப்புதான். கொட்டகை போட நாலு மூங்கில், இருபது கீற்று. அது இருந்திருந்தால்! சாமிக்கண்ணு வீட்டு மாட்டுக்குக்கூட ஓடு வேய்ந்த கொட்டகை இருந்தது.

பதில் ஆவணி மாதம் வந்தது. செல்லக்கண்ணு சைக்கிளை மிதித்து நெருஞ்சிக்குடிக்கே வந்துவிட்டார். வேலை விட்டு வந்த பெண்கள் பத்துப்பேர் சுற்றி நின்றார்கள். இங்கிலீஷில் இருந்த காகிதத்தைத் தமிழில் சொன்னார். முதல் கேள்வி, அந்தச் சுரங்கத்தில் வெடிக்கல் பட்டுக் குழந்தை இறந்தது அரசுக்குத் தெரியுமா? அதற்குப் பதில், தொழிலாளர் எவருக்கும் விபத்து நேர்ந்ததாகத் தகவல் இல்லை. இரண்டாவது, பெண் தொழிலாளரின் குழந்தைகளுக்குக் கொட்டகை உண்டா? அந்தச் சுரங்கத்தில் பெண்கள் யாரும் வேலையில் இல்லை. மூன்றாவது, இல்லையென்றால் எடுத்த நடவடிக்கை என்ன? கேள்வி எழவில்லை.

"எழலன்னா?" என்றாள் வேம்பு.

"அந்தக் கேள்விக்கே எடமில்லன்னு அர்த்தம்."

"எடமில்லையா?" அவள் குரல் உயர்ந்தது. "ஓடைக்கரையில மூணு முழத்துக்குக் குழி வெட்டிப் பொதைச்சேனே, அந்த எடம் போதாதா அவங்களுக்கு? வரச்சொல்லுங்க, காட்டறேன்."

பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, ஊரிலேயே வாய்த்துடுக்கு உள்ளவள், தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு அரித்துத் தோல் உரிந்திருந்தது. "அப்ப நாமல்லாம் யாருடி?" என்றாள். "பேயா? பேயி வந்தா இத்தன வருஷமா லாரி ரொப்பிட்டுப் போச்சு?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று வேம்பு சொல்லச் சொல்லச் செல்லக்கண்ணு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் கேட்டது சரி, அவர்கள் சொன்னது பொய், இன்னொரு தடவை கேளுங்கள். அவ்வளவுதான் கடிதம். அய்யம்பெருமாளின் பதில் அதைவிடச் சின்னது. 'அவர்கள் எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். நாமும் எழுத்தில் சொல்ல வேண்டும். ஒவ்வொருத்தியின் பெயர், எத்தனை வருஷ வேலை, கைநாட்டு.'

நாற்பத்தோரு பெண்கள். கைநாட்டு வாங்க வேம்புவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. கிணற்றடியில் கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் கேட்டாள், கோயில் கஞ்சி ஊற்றும் இடத்தில் கேட்டாள். "ஒனக்குப் போச்சு, எங்களுக்கு இருக்குதே," என்று கதவைச் சாத்தினவர்கள் உண்டு. அவர்களிடம் சண்டை போடாமல் மறுநாளும் போய் நின்றாள். அரியமுத்துவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "ஜோடிய நிறுத்திட்டான்னா எங்கடி போவோம்? டெல்லிக்காரன் வந்து கஞ்சி ஊத்துவானா?" என்று கத்தினான். ஒரு நாள் கைநாட்டுக் காகிதத்தைப் பிடுங்கி அடுப்பில் போடப்போனான். வேம்பு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது எரிஞ்சா அப்புறம் நானும் ஒன்னோட இல்ல," என்றாள். அவன் கையை விட்டான்.

கார்த்திகையில் அவனுக்கே ஆயிற்று. மேலேயிருந்து உருண்ட பாறை ஒன்று வலது காலை முழங்காலுக்குக் கீழே முறித்துவிட்டது. அரியலூர் பெரியாஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தான். வேலையில் அடிபட்டதாகச் சொல்ல வேண்டாம், மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று சாமிக்கண்ணு சொல்லி அனுப்பினார். அவன் அப்படியே சொன்னான். சாமிக்கண்ணு பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஐந்து வாரமும் வேம்பு காலையில் கல் உடைத்து, பிறகு தானே அள்ளிக் கொட்டினாள். கொளஞ்சி தன் கூடையோடு அவள் கூடையையும் சேர்த்து ஏற்றிவிட்டாள்.

கைநாட்டுகள் டெல்லிக்குப் போன பிறகு, தை மாதத்தில் திருச்சியிலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க ஜீப்பில் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி வீடு வீடாக வந்தான். "நாளைக்குப் பொம்பளைங்க யாரும் எறங்க வேண்டாம். வூட்டுலயே இருங்க. கூலி வூடு தேடி வரும்."

வேலை செய்தபோது இல்லாத பெண்களுக்கு, வேலை செய்யாமல் இருக்கக் கூலி! வேம்பு வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கூடையை எடுத்துக் கதவோரம் வைத்தாள்.

காலையில் குவாரி கேட்டில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். வேம்பு மண்மேட்டைச் சுற்றி ஆடுகள் இறங்கும் தடத்தில் இறங்கினாள். பின்னால் கொளஞ்சி. அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர். நாற்பத்தொன்றில் எட்டுப்பேர்தான் வந்தார்கள். பள்ளத்தில் இறங்கி, எப்போதும் போலக் கல்லை அள்ளத் தொடங்கினார்கள். லாரி டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். பத்து மணிக்கு ஜீப் வந்தது. சாமிக்கண்ணு முன்னால் ஓடிவந்தார்.

"சார், இவங்க சுள்ளி பொறுக்க வந்தவங்க. சொன்னா கேக்கமாட்டாங்க."

"சுள்ளியா?" வேம்பு கூடையை இறக்காமலே கேட்டாள். "இந்தப் பள்ளத்துல ஒரே ஒரு ஆவாரஞ்செடி காட்டுய்யா, பாப்போம். பொறுக்கிக்கிட்டுப் போயிடறோம்."

அதிகாரி அவளையும் கூடையையும் பார்த்தார். இளவயது இல்லை, ஓய்வுக்கு நெருங்கின மனிதர். "பேரு என்னம்மா?"

"வேம்பு. பத்து வருஷமா இங்கதான் வேலை."

வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். இல்லை. "வீட்டுக்காரர் பேரு?"

"அரியமுத்து."

அது இருந்தது. கார்த்திகை, மார்கழி முழுக்க ஒரு நாள் விடாமல் வந்ததாகக் குறித்திருந்தது. இன்றைக்கும் வந்ததாக இருந்தது. "எங்கே அவர்?" என்றார் அதிகாரி. சாமிக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் மேலே கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது.

அரியமுத்து கக்கத்தில் கொம்பை ஊன்றிக்கொண்டு நின்றான். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. கேட்டில் நின்றவன் அவனைப் பிடித்துத் தள்ள முடியாமல் தயங்கினான். அரியமுத்து அங்கிருந்தே கத்தினான்.

"சார்! நாந்தான் அரியமுத்து. அந்த நோட்டுல தெனமும் கல்லு ஒடைக்கிறவன் நாந்தான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஒடச்சேன் சார்! சீட்டு இருக்குது, பாருங்க. மரத்துலேருந்து விழலை நான். இங்கதான் விழுந்தேன்."

அதிகாரி பள்ளத்திலிருந்து ஏறி அவனிடம் போனார். ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். "இவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் இவர் பேரில் வேலை செய்தது யார்?" என்று சாமிக்கண்ணுவைக் கேட்டார். சாமிக்கண்ணு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தான். பள்ளத்துக்குள்ளேயிருந்து கொளஞ்சி பதில் சொன்னாள். "பேயி செஞ்சுது சார்!"

எண்பத்தொன்றாம் வருஷம் பங்குனியில் மந்திரி தன் பழைய பதிலைத் திருத்திச் சபையில் ஒரு அறிக்கை வைத்தார். முன்பு சொன்னது அப்போது கிடைத்த தகவலின்படி. இப்போது விசாரித்ததில் காண்டிராக்டர் மூலம் நாற்பத்தோரு பெண்கள் வேலை செய்வது தெரியவந்துள்ளது. கொட்டகை அமைக்க உத்தரவிடப்பட்டுள்ளது. அன்று அய்யம்பெருமாள் எழுந்து பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாராம். பட்டியலை மேசையில் வைத்தால் போதும் என்றார்களாம். 'இல்லை என்று சொன்ன சபையிலேயே இவர்கள் பெயர் ஒலிக்கட்டும்' என்று சொல்லிவிட்டு மேலே படித்தாராம். பதினேழாவது பெயரில் மணி அடித்து உட்காரவைத்துவிட்டார்கள் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

"எம் பேரு எத்தனாவதுங்க?" என்றாள் கொளஞ்சி.

செல்லக்கண்ணு எண்ணிப் பார்த்தார். "இருவத்திரெண்டு."

"அடப் பாழாப்போன மணி," என்றாள் கொளஞ்சி.

குஞ்சம்மாளைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரி இருந்தது. இறந்ததாகக் கூறப்படும் குழந்தை தொழிலாளர் அல்ல. எனவே அது சுரங்க விபத்து என்ற வரையறைக்குள் வராது. செல்லக்கண்ணு அதைப் படிக்காமல் தாண்டிவிடத்தான் பார்த்தார். அவர் கண் தயங்கின இடத்தை வேம்பு பிடித்துவிட்டாள். படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு காகிதத்தை வாங்கித் தனக்குத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கூறப்படும்னு போட்டிருக்கானா?" என்று மட்டும் கேட்டாள்.

கொட்டகை வந்தது. மூங்கிலும் கீற்றுமாக இல்லை, சிமெண்டு ஷீட்டே போட்டார்கள். ஆனால் பள்ளத்தில் இறங்கிய அந்த எட்டுப்பேருக்கும் அடுத்த மாதமே வேலை இல்லை என்றாகிவிட்டது. வேம்பு ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கப் போனாள். முந்திரிப்பால் பட்டு விரல்கள் வெந்தன. திருச்சிக்கும் அரியலூருக்கும் தொழில் தகராறு வழக்குக்கு என்று பதினான்கு தடவை நடந்தாள். ஒவ்வொரு தடவையும் எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியது. எண்பத்திரண்டு கடைசியில்தான் எட்டுப்பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் அவள் பெயரைத் தனி வரியில் எழுதினார்கள். அதற்குள் காண்டிராக்ட் சாமிக்கண்ணுவின் மச்சான் பெயருக்கு மாறியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் மட்டும் சாமிக்கண்ணுவேதான். 'பெண்கள் யாரும் வேலையில் இல்லை' என்று முதலில் எழுதி அனுப்பிய அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றும் தெரிந்தது.

எண்பத்தைந்தில், மழைக்கு முன்னால், அய்யம்பெருமாள் நெருஞ்சிக்குடிக்கு வந்தார். பஸ்ஸில்தான் வந்தார். போன வருஷமே அவர் பதவிக்காலம் முடிந்திருந்தது. கட்சி மறுபடி அனுப்பவில்லை. கொட்டகையைப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு குழந்தைகள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஆயா இவரை யாரென்று கேட்டாள்.

வேம்பு வேலை முடிந்து வந்து அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். பொய்யின்னு தெரிஞ்சுது. மாத்திச் சொன்னாங்க. பொய் எழுதினவன என்ன பண்ணீங்கன்னு சபையில கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. மூணு தடவ கேட்டேன். தகவல் சேகரிக்கறோம்னாங்க. சேகரிச்சு முடிக்கறதுக்குள்ள எங்காலம் முடிஞ்சுபோச்சு."

"எங்க வூட்டு ஆளு ஒரு நாள் வேலைக்குப் போகலைன்னா அன்னிக்கே ஏன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு மட்டும் சேகரிக்க அஞ்சு வருஷமா?"

அவர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று பக்கத்தில் நின்ற அரியமுத்து எதிர்பார்த்தான். அவர் சொல்லாததே மேல் என்று வேம்புவுக்குத் தோன்றியது.

ஐந்தரை பஸ்ஸுக்கு அவரோடு ரோடு வரை நடந்தாள். அவர் மெல்லத்தான் நடந்தார். பாதி வழியில் வேம்பு சொல்லத் தொடங்கினாள்.

"மேக்கால புதுசா ஒரு பள்ளம் தோண்டறாங்க. வேற காண்டிராக்டர். வெளியூர்லேருந்து ஜோடி ஜோடியாக் கூட்டியாந்து வச்சிருக்கான். பொம்பளைங்க இருவத்தஞ்சு பேரு. ஒருத்தி பேரும் நோட்டுல இல்ல. போய்ப் பாத்துட்டு வந்தேன். பாறை நெழல்ல துணி விரிச்சுப் புள்ளைங்களப் போட்டிருக்காங்க."

"நான் இப்ப எம்.பி. இல்லம்மா."

"அதுக்கென்ன? கேக்கற ஆளு வேற எவரும் அங்க இல்லியா? எழுதிக்கங்க. பேரெல்லாம் கேட்டு வச்சிருக்கேன்."

அவர் நின்றார். சட்டைப்பையில் தடவிப் பேனாவை எடுத்தார். காகிதம் இல்லை. பஸ் டிக்கெட்டின் பின்புறம் இரண்டு பெயருக்கு மேல் பிடிக்காது. வேம்பு ரோட்டோர டீக்கடைக்குப் போய், பழைய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு வந்தாள். ஆறு பெயர் எழுதுவதற்குள் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"இருய்யா," என்றாள் வேம்பு அவரைப் பார்த்து. "இன்னும் பத்தொம்பது பேரு இருக்குது."